காரில் வெள்ளைப் புள்ளியா? துணியைத் திட்டாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு எல்லாம் பேசி முடித்து, போண்டா வாசனையும் வர ஆரம்பித்துவிட்ட நேரத்தில் மைக்கை என் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? கொஞ்சம் கூடுதலாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கார் பெயின்ட் வேலையில் இருந்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் லிஃப்டில் பார்க்கிறபோதெல்லாம் "சார், பானெட்ல வெள்ளை வெள்ளையா புள்ளி வந்திருக்கு, என்ன போட்டா போகும்?" என்று கேட்கிறீர்கள். என்ன போட்டால் போகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது ஏன் வந்தது என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் என் தப்பும் இருக்கிறது.

போன மாதம் நம் காரெல்லாம் துடைக்கிற தம்பியைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடியதே, நினைவிருக்கிறதா? சரியாகத் துடைப்பதில்லை, அழுக்குத் துணியால் துடைக்கிறார், கண்ணாடியெல்லாம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று. மூன்று வீட்டில் அவருடைய மாதப் பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டோம். பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அந்த மூன்றில் ஒரு வீடு என்னுடையது.

அவர் அப்போது என்னிடம் ஒன்று சொன்னார். "சார், நான் துடைக்கிறப்போ நல்லாத்தான் சார் இருக்கு. காஞ்சதும் மறுபடி வெள்ளையா வந்துடுது." நான் அதைச் சாக்கு என்றுதான் நினைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்த எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் வருவது அழுக்கு இல்லை. அது உப்பு. கறையின் சொரசொரப்பான மேற்பரப்பைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் போனதும் தெரியும். அழுக்காக இருந்தால் ஈரத்திலும் தெரியும்.

மறுநாள் காலையில் டிடிஎஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பார்க்கிங் ஓரம் இருக்கிற போர் குழாயில் 1,450 காட்டியது. அவர் பக்கெட் நிரப்புகிற நீல டிரம்மில் 2,100. அந்த டிரம்மில் என்ன தண்ணீர்? தரைத்தளத்தில் இருக்கிற பொது ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீர். அதை வீணாக்காமல் கார் கழுவப் பயன்படுத்தலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் இதே கூட்டத்தில் யோசனை சொன்னது யார்? நான்தான். நீங்களெல்லாம் கை தட்டினீர்கள். அந்தத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அது போட்ட கறைக்குத் துடைக்கிறவர் பணத்தைப் பிடித்திருக்கிறேன்.

ஆர்.ஓ. மெஷின் உப்பை அழிப்பதில்லை. மூன்று லிட்டர் போர் தண்ணீர் உள்ளே போனால், ஒரு லிட்டர் குடிக்கிற தண்ணீராக வருகிறது, மீதி இரண்டு லிட்டர் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டரிலும் இருந்த உப்பில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த இரண்டு லிட்டரில் போய்ச் சேர்ந்துவிடும். 1,450 என்பது 2,100 ஆனது அப்படித்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் டிடிஎஸ் 500 வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை விடலாம் என்கிறது. நாம் காருக்கு ஊற்றியது அந்தக் கடைசி எல்லையையும் தாண்டிய தண்ணீர்.

எவ்வளவு உப்பு என்று ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். துடைத்து முடித்த பிறகு காரின் மேல் ஈரமாக 100 மில்லி நிற்கிறது என்று வைத்தால் ஒரு நாளைக்கு 210 மில்லிகிராம். மாதம் 25 நாள் துடைத்தால் ஐந்து கிராமுக்கு மேல். ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்துக் கார் முழுக்கப் பூசிக் காயவைத்த மாதிரி. மறுநாள் துடைக்கும்போது கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனால் அதே தண்ணீரில்தானே துடைக்கிறார்?

இதில் எல்லா உப்பும் ஒன்றில்லை. நம் பக்கம் கடலோரம். போரில் சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு, நிறைய வரும். அது காய்ந்து வெள்ளையாக நின்றாலும் நல்ல தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். வம்பு செய்வது கால்சியமும் மெக்னீசியமும். நிலத்தடியில் பைகார்பனேட்டாகக் கரைந்து வருகிறவை, வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்ஸைடை விட்டுவிட்டுக் கார்பனேட்டாக மாறிவிடும். அது தண்ணீரில் கரையாது. கீசர் காயிலில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, ஷவர் துளையை அடைக்கிறதே, அதே சங்கதிதான். சுண்ணாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் இதைப் பிரித்துச் சொல்லாது. அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை வைத்து மொத்த உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கடினத் தண்ணீரா என்று பார்க்க நம் வீட்டுப் பெண்களுக்கு மீட்டர் வேண்டியதில்லை. துவரம்பருப்பு வேக மறுக்கும், சோப்பு நுரைக்காது. அதையே சோதனையாகச் செய்யலாம். ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர், அதில் குளியல் சோப்பு சுரண்டிய துகள் கொஞ்சம், நன்றாகக் குலுக்குங்கள். நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் கடினத் தண்ணீர். பாத்திரம் கழுவுகிற திரவத்தில் இந்தச் சோதனை சரிவராது, அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

புள்ளி ஏன் வட்டமாக, ஓரத்தில் அழுத்தமாக இருக்கிறது என்று என் பேத்தி கேட்டாள். மேஜையில் சிந்திய காபி காய்ந்தால் நடுவில் வெளிறியும் ஓரத்தில் கோடு போட்ட மாதிரியும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். துளியின் விளிம்பில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும்போது உள்ளே இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. காரிலும் அதே கதைதான்.

சரி, இது வெறும் அழகுப் பிரச்சினைதானே, வண்டி ஓடினால் போதாதா என்று கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள். எங்கள் தளத்தில் இருக்கிற ஒரு அம்மா, பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆறு மாதமாக இருட்டிய பிறகு வண்டி எடுப்பதையே நிறுத்திவிட்டார். எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலமாக விரிகிறது, ரோட்டில் நடக்கிறவர்கள் தெரிவதில்லை, கண்புரை வந்துவிட்டது என்று பயந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் டாக்டர், புரை ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, இவ்வளவு தொந்தரவு தராது என்றாராம். வண்டியை எடுத்துப் பார்த்தேன். முன்கண்ணாடியில் வைப்பர் போகிற வளைவுக்குள்ளேயே உப்பு பாசி மாதிரி படர்ந்திருந்தது. பகலில் அது கண்ணில் படாது. இரவில் எதிர் வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சுத்தம் செய்து கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குத் தங்கையைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். கண்ணைக் காட்டாமல் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் பாருங்கள்.

இப்போது கறையை எடுக்கிற வேலைக்கு வருகிறேன்.

முதலில் கறை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டி நிழலில், சூடு ஆறி இருக்க வேண்டும். ஷாம்பு போட்டுக் கழுவி மண்ணை எடுத்துவிடுங்கள். மண்ணோடு தேய்த்தால் நீங்களே கீறல் போடுகிறீர்கள் என்று அர்த்தம். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு விரல் நுனியால் பானெட்டைத் தடவுங்கள். வெறும் கையில் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். சொரசொரப்பாக இருந்தால் கறை மேலே உட்கார்ந்திருக்கிறது, நல்ல செய்தி. வழவழப்பாக இருந்தும் கண்ணுக்கு வட்டம் தெரிகிறதென்றால் அது உட்கார்ந்த கறை இல்லை, அரித்த தழும்பு. வைத்தியம் வேறு.

மேலே உட்கார்ந்த சுண்ணாம்பை எடுக்க மிதமான அமிலம் போதும். வெள்ளை வினிகர், அதாவது சமையலுக்கு வாங்குகிற செயற்கை வினிகர், நாலைந்து சதவீத அசிட்டிக் ஆசிட்தான். பெயின்டுக்கு அதைச் சரிபாதி நல்ல தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். கண்ணாடிக்கு அப்படியே போடலாம். வினிகர் வாசனை பிடிக்காதவர்கள் சிட்ரிக் ஆசிட் வாங்குங்கள். மளிகைக் கடையில் பொடியாகக் கிடைக்கும், சிலர் எலுமிச்சை உப்பு என்பார்கள். ஒரு லிட்டருக்கு நான்கைந்து டீஸ்பூன். இதிலும் போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஆசிட் அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்போடு சண்டை போட்டே பாதி தீர்ந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு இடம். முழுக் காரிலும் தெளித்துவிட்டுப் பிறகு துடைக்க வருகிற வேலை கூடாது. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, கறை மேல் போர்த்தின மாதிரி வைத்து ஒன்றிரண்டு நிமிஷம் விடுங்கள். காய விடக் கூடாது. கனமான கறையாக இருந்தால் சின்னச் சின்னக் குமிழி வருவதைப் பார்க்கலாம், கார்பனேட்டிலிருந்து வாயு வெளியேறுகிறது. பிறகு அழுத்தாமல் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போகவில்லையென்றால் இன்னொரு முறை. பலமாகத் தேய்ப்பதைவிட இரண்டாவது முறை போடுவது நல்லது. பித்தளைக் குடத்துக்குப் புளியைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் தேய்த்த பாட்டிகளுக்கு இது தெரியும், அமிலத்துக்கு அவகாசம் கொடுத்தால் கைக்கு வேலை குறைவு. அதற்காகப் புளியைக் காரில் தடவிவிடாதீர்கள், நாரும் பிசுக்கும் வேறு தலைவலி.

எல்லாம் முடிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, ஆசிட் பட்ட ரப்பர் பீடிங், இடுக்குகளில் துணியால் ஒற்றிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஆசிட் போட்ட இடத்தில் மெழுகுப் பூச்சு இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். புதிதாக வேக்ஸ் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சொரசொரப்பு இருக்கிறதா? கிளே பார் என்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள். வழுக்கலுக்கு ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வரும். கீழே விழுந்த கட்டியைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். தரை மண்ணெல்லாம் அதில்தான் இருக்கும்.

தழும்பு விழுந்துவிட்டது என்றால் பாலிஷ்தான். இங்கே நான் கொஞ்சம் பயமுறுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. பாலிஷ் போடுவதென்றால் அதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துத் தழும்பின் ஆழத்துக்கு மட்டம் செய்வது. போன பூச்சு திரும்பி வராது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பாலிஷ் என்று போட்டால் ஏழாவது வருஷம் பெயின்ட் வெளுத்துப் பெயர்ந்து நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கருநீல வண்டியின் பானெட் ஓரத்தில் மெஷினைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்திவிட்டேன். மடிப்பு ஓரங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும். கண் முன்னாலேயே நீலம் பஞ்சில் வந்தது. பானெட் முழுக்க மறுபடி அடித்த செலவு என் சம்பளத்தில் நாலு மாதம் பிடித்தார்கள். அதனால் சொல்கிறேன், மெஷின் பாலிஷ் வீட்டில் வேண்டாம். கையால் மென்மையான பாலிஷ் போட்டுப் பாருங்கள். மிச்சம் இருக்கிற தழும்போடு வாழப் பழகிக்கொள்ளலாம், தப்பில்லை. தெரிந்த கடையில் கொடுப்பதானால், பெயின்ட் கனம் அளக்கிற கருவி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கண்ணாடி கொஞ்சம் வேறு. அதற்கு மேல் பூச்சு இல்லை, அதனால் வினிகரைத் தைரியமாகப் போடலாம். ஆனால் கண்ணாடியும் அசைக்க முடியாத பொருள் என்று நினைக்காதீர்கள். காரத் தண்ணீர் மாதக்கணக்கில் காய்ந்து காய்ந்து நின்றால் கண்ணாடியையும் அரிக்கும். தவிர, நம் தண்ணீரில் சிலிக்காவும் கரைந்திருக்கும். அது காய்ந்து ஒட்டிக்கொண்டால் வினிகருக்கும் சிட்ரிக் ஆசிடுக்கும் மசியாது. நாலு முறை ஊறவைத்தும் போகவில்லையென்றால் ஆசிடை இன்னும் கூட்டாதீர்கள். சீரியம் ஆக்ஸைடு என்கிற கண்ணாடி பாலிஷ் பொடியைத் தண்ணீரில் குழைத்து, கம்பளித் துண்டால், ஈரம் காயாமல், ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கை வலிக்கும். முன்கண்ணாடியில் ஓட்டுநர் கண்ணுக்கு நேராக இருக்கிற இடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து காட்சி நெளியும், அதைக் கவனியுங்கள். பின்கண்ணாடியின் உட்பக்கம் போகிற சூடாக்கும் கம்பிக் கோடுகளில் எதையும் தேய்க்காதீர்கள்.

ஹெல்மெட் வைசர், ஸ்கூட்டர் மீட்டர் மூடி எல்லாம் பிளாஸ்டிக். பாதித் தண்ணீர் கலந்த வினிகர் மட்டும். பொடி, தின்னர் எதுவும் ஆகாது.

இனி, வாட்ஸ்அப்பில் வந்த யோசனைகள். பாத்ரூம் ஆசிட் போட்டால் நொடியில் போய்விடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். போகும்தான். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். என் பழைய ஸ்கூட்டரில் நானும் போட்டிருக்கிறேன். சுண்ணாம்பு போனது, ஒரு வாரத்தில் கைப்பிடியின் குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து துரு ஏறியது. தயவுசெய்து வேண்டாம். எந்த ஆசிடையும், வினிகரே ஆனாலும், பிளீச்சிங் பவுடரோடு சேர விடாதீர்கள். வருவது குளோரின் வாயு. மூடிய பார்க்கிங்கில் ஆளையே சாய்த்துவிடும். வேறு சில கறை நீக்கிகளில் ஃப்ளோரைடு சேர்ந்த ஆசிட் இருக்கும். கண்ணாடியையே அரிக்கிற பொருள் அது, தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை கெடுக்கும். லேபிளில் ஃப்ளோரைடு என்று எதைப் பார்த்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது டிரைவர்களின் பழைய பழக்கம். பளபளவென்று ஆகும். எண்ணெய் கறையை மூடியிருக்கிறது, எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும், ரப்பரும் ஊதிப்போகும். முன்கண்ணாடியில் போட்டால் முதல் மழையிலேயே தெரியும், வைப்பர் இழுக்க இழுக்க வழுவழுவென்று பூசிக்கொண்டு எதிரே எதுவும் தெரியாது. டூத் பேஸ்ட், பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், இவற்றைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

செராமிக் கோட்டிங் போட்ட ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார், இவ்வளவு செலவழித்தும் புள்ளி வருகிறதே என்று. கோட்டிங் தண்ணீரை முத்து முத்தாக உருட்டும். உருண்ட முத்து தானாக ஓடி விழுந்தால் நல்லது. நின்று காய்ந்தால் ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வட்டம் உறுதி. கறை எளிதாகக் கழறும், வராமல் இருக்காது.

இதைவிட மோசமான ஒன்று நம் பார்க்கிங்கிலேயே இருக்கிறது. 14 முதல் 17 வரையுள்ள பார்க்கிங் இடங்களுக்கு மேலே கூரை ஸ்லாபில் கசிவு. தண்ணீர் கான்கிரீட் வழியாக இறங்கும்போது சிமென்டிலிருக்கிற சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது சாதாரண உப்புத் தண்ணீர் இல்லை, கடும் காரம். ஸ்லாபில் சின்ன வெள்ளை விழுதுகள் தொங்குகின்றனவே, அது காய்ந்து உண்டானதுதான். கார் மேல் விழுந்து இரண்டு வாரம் கிடந்தால் பெயின்டில் நிரந்தரத் தழும்பு. அந்த இடத்துக்காரர்கள் சொட்டைக் கண்டவுடனே வினிகர்த் தண்ணீரால் ஒற்றிவிடுங்கள், வார இறுதிக்கு என்று வைக்காதீர்கள். சங்கம் கசிவை அடைக்கிற வரை ஒரு தகர ஓடாவது கட்டிக் கொடுக்க வேண்டும் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை.

வராமல் தடுக்க என்ன வழி? நல்ல தண்ணீர் நம்மிடமே இருக்கிறது. மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் 60 காட்டியது. 2003இல் கட்டாயம் என்றபோது முணுமுணுத்துக்கொண்டே கட்டியது, இன்றைக்கு உதவுகிறது. ஏ.சி. யூனிட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் 30தான். காற்றிலிருந்து குளிர்ந்து வருவது, அதில் உப்பு வர வழியில்லை. கொஞ்சம் தூசி இருக்கும், ஒரு துணியில் வடிகட்டினால் போதும். கோடைக்காலத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் பக்கெட்டில் சில லிட்டர் நின்றிருக்கும். ஒரு காரைக் கடைசியாக அலசித் துடைக்க இரண்டு லிட்டர் தாராளம். வைப்பர் தொட்டியிலும் போர் தண்ணீரை ஊற்றாமல் இதை ஊற்றுங்கள், முன்கண்ணாடியில் வளைவாகக் கோடு விழுவது பாதி குறையும்.

ஆர்.ஓ. கழிவு நீரைக் கொட்டிவிடச் சொல்லவில்லை. பொதுக் கழிப்பறைக்கும் பார்க்கிங் தரை கழுவவும் திருப்பிவிடலாம். பிளம்பரிடம் கேட்டுவிட்டேன், குழாயைப் பத்தடி நீட்டினால் முடிந்தது. காருக்கு முதல் கழுவல், டயர், மட்கார்டு மண்ணுக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் எந்தப் பகுதியிலும் துளி நின்று காயக் கூடாது. ஒரு கதவைக் கழுவி உடனே துடைத்து, பிறகு அடுத்த கதவு. கடைசியாக மழைநீர் அல்லது ஏ.சி. தண்ணீர். வெயில் ஏறுவதற்கு முன், ஏழு மணிக்குள் முடிய வேண்டும். வெளியே நிற்கிற வண்டிகளை அவர் எட்டு மணிக்குத் துடைப்பது ஏன் தெரியுமா? நாம்தான் அதுவரை பார்க்கிங் குழாய்ப் பூட்டின் சாவியைக் கொடுப்பதில்லை. இனி ஐந்தரை மணிக்கே காவலாளியிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிறகு அந்தப் பணம். நான் பிடித்ததை முந்தாநாள் கொடுத்துவிட்டேன். "பரவால்ல சார், விடுங்க" என்றார். பரவாயில்லாமல் இல்லை, அந்த மாதம் பையனுக்கு ஸ்கூல் வேன் பணம் கட்டக் கடன் வாங்கியிருக்கிறார் என்று காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், யாரென்று நான் பார்க்கப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதியவர்கள் அதே குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். நாம் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறார்.

சிட்ரிக் ஆசிட் அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பி பிளாக் பின்னால், நிழல் இருக்கிற பக்கம். முதலில் வருகிற ஐந்து வண்டிக்குச் செய்து காட்டுகிறேன், ஆறாவதிலிருந்து நீங்களே செய்யலாம். துணி உங்களுடையது, கை ரப்பர் உறை உங்களுடையது. ஏ.சி. தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் ஒரு பாட்டிலாவது கொண்டு வாருங்கள், என் வீட்டு ஏ.சி. ஒன்று எத்தனை காருக்குத்தான் சொட்டும்?

போண்டா ஆறுகிறது. போகலாம்.